தகடு கூரையிலா, கொட்டகையிலா? மலிவான சூரிய மின்வண்டிக்கு நான்கு வழிகள்

நகருக்குள் தினமும் போய்வர, வெயிலைக் குடித்து ஓடும் ஒரு சின்ன மின்வண்டி செய்ய வேண்டும். அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்ட வேண்டும். இந்த ஆசையோடு வருகிறவர்கள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வண்டி உடம்பு முழுக்கச் சூரிய மின்தகடு பதிப்பதா? கூரையில் மட்டும் வைப்பதா? தகட்டைக் கொட்டகையில் வைத்துவிட்டு வண்டியில் எதுவும் வைக்காமல் விடுவதா? இல்லை, பழைய வண்டி ஒன்றை எடுத்து மாற்றிக்கொள்வதா? கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள், வீட்டில் வரைபடம் போட்டு வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள்.

நானும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மூன்று சக்கர வண்டி செய்தேன். நாங்கள் முதலில் வாங்கியது தகட்டைத்தான், அதுவும் பெரிய கண்ணாடித் தகடு. அதைத் தாங்கச் சட்டம் கனமாயிற்று. கனத்த சட்டத்தை இழுக்க மோட்டார் பெரிதாயிற்று. அந்த மோட்டாருக்கு ஈடுகொடுக்க பேட்டரியும் பெரிதாயிற்று. எல்லாம் முடிந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், தகடு தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி அது கூட்டிய எடையை இழுக்கவே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கீழே தகட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

### ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி

இந்த ஒரு எண் தெரியாமல் வேறு எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின்கட்டணத்தில் பார்க்கும் ஒரு யூனிட்.

சின்ன வண்டியின் கூரையில் ஒன்றரை சதுர மீட்டர் இடம் கிடைக்கும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். இன்றைய நல்ல சிலிக்கான் தகடு அதில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஆக, கூரைக்கு 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வெயில் நாளில் காலை முதல் மாலை வரை விழும் வெயிலைக் கூட்டினால் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமாக இருக்கும். காகிதத்தில் இது 1500 வாட்-மணி.

வண்டியில் அவ்வளவு வராது. தகட்டின் திறனை அளப்பது 25 டிகிரி செல்சியஸில். வெயிலில் நிற்கும் வண்டிக் கூரையில் அது 65 டிகிரி வரை சூடேறும். டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வீதம் குறைந்தால் சூட்டில் மட்டும் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. தகடு சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருக்காமல் தட்டையாகக் கிடக்கிறது. தூசு படிகிறது. பக்கத்துச் சுவரின் நிழல் விழுகிறது. தகட்டு மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் கொஞ்சம் போகிறது. எல்லாம் கழிந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 900 வாட்-மணி என்றால் அது நல்ல நாள்.

இந்த 900 வாட்-மணியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வண்டிதான் முடிவு செய்யும். கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி கேட்கும் இலகுவான, கூரை போட்ட மூன்று சக்கர வண்டி 22 கிலோமீட்டர் போகும். 2020இல் வந்த சித்ரோயன் அமி போன்ற குட்டி நான்கு சக்கர வண்டி 5.5 யூனிட் பேட்டரியில் 75 கிலோமீட்டர் ஓடும். அதாவது கிலோமீட்டருக்கு 73 வாட்-மணி. நமது 900 வாட்-மணியில் அதற்கு 12 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி கேட்கும் சிறிய மின்காருக்கு ஏழரை. 180 கேட்கும் கனமான காருக்கு ஐந்துதான். தகடும் வெயிலும் மாறவில்லை. வண்டி மட்டும்தான் மாறியது.

நகருக்குள் வேகம் குறைவு என்பதால் காற்றுத்தடை பெரிய எதிரி இல்லை. எடையும், டயரின் உருளல் தடையும், நிறுத்தி நிறுத்திக் கிளம்புவதும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. மீன் வடிவ உடம்புக்குச் செலவழிக்கும் பணத்தில் நாற்பது கிலோ எடையைக் குறைத்தால் நகரத்தில் அதிகப் பலன் கிடைக்கும். நல்ல டயர், சரியான காற்றழுத்தம், பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் மோட்டார் கன்ட்ரோலர், இவை மூன்றும் தகட்டுக்கு முன்னால் வர வேண்டியவை.

### பகலில் வண்டி எங்கே நிற்கும்

நகரத்து வண்டி பெரும்பாலான நேரம் ஓடுவதில்லை, நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. நிலத்தடி நிறுத்துமிடத்திலோ மரத்தடியிலோ நிற்கும் வண்டியின் கூரைத் தகடு வெறும் சுமை. திறந்தவெளி என்றாலும் ஒரு கம்பத்தின் நிழல் போதும், கணக்கு மாறிவிடும். தகட்டுக்குள் செல்கள் சங்கிலிபோல் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. பல தகடுகளில் அந்தச் சங்கிலி மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டயோடு, அதாவது நிழலில் மாட்டிய துண்டைச் சுற்றி மின்சாரத்தை அனுப்பும் மாற்றுப்பாதை இருக்கும். ஒரே ஒரு செல் முழுக்க நிழலில் விழுந்தால் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு நின்றுபோகும்.

### மற்றவை

ஒரு வாட்டின் விலை என்று கடையில் சொல்வதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பொருத்தும் சட்டம், கன்ட்ரோலர், வயர், நீர் புகாத இணைப்புகள், உழைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. அப்புறம் மழைக்காலத்தில் வண்டி என்ன செய்யும், இடித்தால் யார் பழுது பார்ப்பார்கள், சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்பவையும் உண்டு. அனுமதி விஷயத்தில் உங்கள் நாட்டு வண்டி வகைகளை முதலிலேயே படித்துவிடுங்கள். உதாரணமாக, ஐரோப்பாவில் இலகுவான நான்கு சக்கர வண்டிகளுக்கான எல்6இ வகைக்கு வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், எடை பேட்டரி நீங்கலாக 425 கிலோ என்று வரம்பு உண்டு. தகடும் அந்த எடைக்குள்தான் வர வேண்டும்.

## முதல் வழி: உடம்பு முழுக்கத் தகடு

மனதை இழுக்கும் வழி இதுதான். அதற்கு நல்ல வரலாறும் உண்டு. 1987இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலக சூரிய வாகனப் பந்தயம், வெயிலை மட்டும் நம்பி ஒரு கண்டத்தையே கடக்கலாம் என்று காட்டியது. 2013இல் அதே பந்தயத்தில், ஒருவருக்கு மேல் உட்காரும் நடைமுறை வண்டிகளுக்கான குரூசர் பிரிவில் நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள் செய்த நான்கு இருக்கை வண்டியான ஸ்டெல்லா வென்றது. அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள்தான் பிறகு லைட்இயர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

லைட்இயர் 0 காரில் ஐந்து சதுர மீட்டர் தகடு இருந்தது, ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். நாளுக்கு 70 கிலோமீட்டர் வரை வெயிலிலேயே ஓடும் என்றார்கள். விலை 2,50,000 யூரோ. 2022 இறுதியில் உற்பத்தி தொடங்கி, 2023 ஜனவரியில் நின்றுவிட்டது. ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ் மலிவான பக்கத்திலிருந்து வந்தது. 30,000 யூரோவுக்குள் சியோன் என்ற குடும்பக் கார் தருவதாகச் சொல்லி, 40,000க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் சேர்ந்த பிறகும் 2023 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின் பேருந்துக்கும் லாரிக்கும் தகடு பொருத்தும் வேலைக்கு அந்த நிறுவனம் திரும்பியது.

இரண்டிலும் தகடு வேலை செய்தது. ஒரு காரை முழுதாகத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவரும் செலவுதான் தாங்கவில்லை. இதை மலிவு வண்டி செய்ய நினைக்கிறவர்கள் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. கதவில் பதித்த தகட்டுக்குச் சாய்வான வெயில்தான் கிடைக்கும். ஒரு பக்கம் வெயிலில் இருந்தால் மறுபக்கம் நிழலில் இருக்கும். வளைந்த பரப்பில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு கோணத்தில் பார்ப்பதால், ஒரே தொடரில் கோத்தால் மிக மங்கலான செல் மற்றவற்றையும் பின்னுக்கு இழுக்கும். அதனால் பக்கத்துக்கு ஒரு கன்ட்ரோலர் தேவை. ஒரு சின்ன உரசல், கதவில் ஒரு நெளிவு, உடனே அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும். நகர நெரிசலில் உரசல் இல்லாத வண்டி ஏது?

2019இல் டொயோட்டா ஒரு சோதனைக் காரில் ஷார்ப் நிறுவனத்தின் 34 சதவீதத்துக்கும் மேல் திறன் கொண்ட செல்களைப் பதித்து 860 வாட் வரை கொண்டுவந்தது. நின்றபடி சார்ஜ் ஏறி நாளுக்கு 44.5 கிலோமீட்டர் வரை ஓடும் என்றது. அந்த வகைச் செல்களின் விலை சாதாரண வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

இந்த வழி யாருக்கு? பந்தயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வண்டி செய்யும் குழுவுக்கு. அல்லது அமெரிக்காவின் ஆப்டெரா நிறுவனம் போல, இரண்டே இருக்கை, மூன்றே சக்கரம் என்று உடம்பை முதலில் சுருக்கிவிட்டு வருபவர்களுக்கு. அவர்கள் 700 வாட் தகட்டில் நாளுக்கு 64 கிலோமீட்டர் வரை என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரிய தகடு மட்டுமல்ல. கிலோமீட்டருக்கு 62 வாட்-மணி என்ற இலக்கும்தான்.

## இரண்டாம் வழி: இலகுவான வண்டி, கூரையில் மட்டும் தகடு

தகடு இங்கே உதவிக்குத்தான். வீட்டு பிளக்கிலும் சார்ஜ் ஏறும், வெயிலும் தன் பங்கைத் தரும்.

பெரிய கார்களில் இந்த உதவி எவ்வளவு சின்னது என்பதற்குச் சான்று உண்டு. 2017இல் ஜப்பானில் வந்த பிரியஸ் பிளக்-இன் காரின் 180 வாட் கூரை, நாளுக்கு அதிகபட்சம் 6.1 கிலோமீட்டர் தரும் என்றது நிறுவனம். ஹூண்டாய் சொனாட்டா ஹைபிரிடின் கூரை ஆண்டுக்கு 1,300 கிலோமீட்டர், நாளுக்கு மூன்றரை. இதே அளவுத் தகட்டை 250 கிலோ வண்டியில் வைத்தால்தான் அதற்கு மதிப்பு வருகிறது. அலுவலகம் போய்வர 15 கிலோமீட்டர் என்றால், நல்ல வெயில் மாதங்களில் பிளக்கைத் தொடாமலே பல நாட்கள் ஓடும்.

இந்த வழியின் பெரிய லாபம் மின்னழுத்தத்தில் இருக்கிறது. மின்வண்டிப் பாதுகாப்பு விதிகளில் 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் உயர் மின்னழுத்தம். தனிக் காப்பு, தனி இணைப்பு, தனிச் சோதனை எல்லாம் வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறைத் தொடராகக் கோத்தால் முழுச் சார்ஜில் 58.4 வோல்ட். கோட்டுக்கு உள்ளே நின்றுவிடலாம். மூன்று கிலோவாட் மோட்டாருக்கு அது போதும். ஐந்து, ஆறு கிலோவாட் என்று ஏறினால் மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டி, வயரும் கன்ட்ரோலரும் கனமாகும், விலை ஏறும்.

பேட்டரி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவு என்று ஈய-அமில பேட்டரியை வாங்காதீர்கள். எடை மூன்று நான்கு மடங்கு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், வெயிலில் அரைகுறையாக ஏறி அரைகுறையாகவே நின்றால் ஈயத் தட்டுகளில் சல்பேட் படிந்து பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குப் பாதிச் சார்ஜில் நிற்பது பிரச்சினையே இல்லை. 2000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் உழைக்கும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது.

இனி மறைந்திருப்பவை. கண்ணாடித் தகடு சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. அந்த எடை வண்டியின் உச்சியில் உட்கார்வதால் ஒடுங்கிய மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் சாயப் பார்க்கும். குலுங்கலில் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வளையும் பிளாஸ்டிக் தகடு எடையில் பாதிகூட இல்லை, ஆனால் கூரையோடு ஒட்டிவிட்டால் சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் மங்கும். நான் பரிந்துரைப்பது கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. தகடு குளிரும், அதோடு அது இரட்டைக் கூரையாகி உள்ளே இருப்பவர்களுக்கும் நிழல் தரும். வெயிலில் நிறுத்தியே ஆக வேண்டிய வண்டிக்கு இந்த நிழல் சின்ன விஷயமில்லை. ஏசி வைத்தால் அது ஒரு மணி நேரத்திலேயே கூரையின் ஒருநாள் உழைப்பைக் குடித்துவிடக்கூடும்.

இன்னொன்று, நிற்கும்போது கசியும் மின்சாரம். திரை, இடங்காட்டி, விழித்தே இருக்கும் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து வெறும் 5 வாட் எடுத்தால்கூட நாளுக்கு 120 வாட்-மணி. உங்கள் 900இல் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். பிரியஸில் தகட்டு மின்சாரத்தை முதலில் ஒரு சின்ன பேட்டரியில் சேர்த்து, நிரம்பியதும் மொத்தமாகப் பெரிய பேட்டரிக்கு மாற்றினார்கள். பெரிய அமைப்பை நாள் முழுக்க விழித்திருக்க வைக்காமல் இருக்க அது ஒரு வழி.

## மூன்றாம் வழி: தகடு கொட்டகையில், வண்டியில் பேட்டரி மட்டும்

செலவை மட்டும் பார்த்தால் இதை எதுவும் வெல்லாது. அசையாமல் நிற்கும் சாதாரணத் தகடு சரியான கோணத்தில் சாய்ந்திருக்கிறது, பின்பக்கம் காற்று படுகிறது, 25 ஆண்டு உழைக்கிறது. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். நமது இலகுவான வண்டிக்கு அது போக்கும் வரத்தும் போக மீதி இருக்கும். வண்டியும் எடை குறைந்து, பழுது எளிதாகி, மழை வெயில் பாராமல் எங்கும் நிற்கலாம்.

சிக்கல் ஒன்றுதான்: வெயில் அடிக்கும்போது வண்டி வீட்டில் இல்லை. மின்வாரியத்துக்குப் பகலில் கொடுத்து இரவில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இது தீர்ந்தது. இல்லையென்றால் வேலை செய்யும் இடத்தில் கொட்டகை வேண்டும், அல்லது வீட்டில் இடைநிலை பேட்டரி வேண்டும். இடைநிலை பேட்டரியின் விலையும், இரண்டு முறை ஏற்றி இறக்குவதில் போகும் பத்துப் பதினைந்து சதவீதமும் கணக்கில் சேரும்.

எனக்குப் பிடித்த தீர்வு, கையால் தூக்கிக் கழற்றும் பேட்டரி இரண்டு. ஒன்று வண்டியில், மற்றது வீட்டுத் தகட்டில். பத்து, பன்னிரண்டு கிலோ எடையில் 1.3 யூனிட் அளவுக்கு ஒரு பெட்டி செய்ய முடியும். கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி வண்டியில் அது 30 கிலோமீட்டருக்கு மேல். வண்டி இலகுவாக இல்லாவிட்டால் இந்த யோசனையே நிற்காது என்பதையும் கவனியுங்கள். இணைப்பு முனைகள் தினமும் கழற்றி மாட்டத் தேய்ந்துபோகும். அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

வாடகை வீட்டில், மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை. அவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் மூடியிருக்கிறது. அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் மலிவு வண்டி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

## நான்காம் வழி: பழைய வண்டியை மாற்றுவது

கதவு, கண்ணாடி, இருக்கை, பிரேக் எல்லாம் தயாராக இருக்கின்றன என்பது இதன் பலம். பலவீனம் எடை. எழுநூறு, எண்ணூறு கிலோ காரில் கூரைத் தகடு தருவது ஏழெட்டு கிலோமீட்டர். எஞ்சினை எடுத்தபின் பிரேக்குக்கு வெற்றிட உதவி நின்றுபோகும். மின்சார வெற்றிடப் பம்ப் தனியாக வைக்க வேண்டும், இதில் விளையாடக் கூடாது. பேட்டரி எடை பின்னால் போனால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். மாற்றிய வண்டிக்குப் புது அனுமதியும் காப்பீடும் பல இடங்களில் எளிதில் கிடைப்பதில்லை. கற்றுக்கொள்ளவும், ஒரு வளாகத்துக்குள் மெதுவாக ஓடவும் இது நல்ல வழி. விற்பனைக்கு வண்டி செய்ய நினைத்தால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | உடம்பு முழுக்க | கூரை மட்டும் | கொட்டகை | பழைய வண்டி |
|---|---|---|---|---|
| தகடு | 700–1000 வாட் | 250–350 வாட் | 1000 வாட், வண்டிக்கு வெளியே | 250–350 வாட் |
| நல்ல வெயிலில் நாளுக்கு | நிறுவனங்கள் சொல்வது 64–70 கி.மீ. வரை | 12–22 கி.மீ. | அன்றாடத் தேவை முழுதும் | 7–8 கி.மீ. |
| வாட்டுக்கான மொத்தச் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் |
| நிறுத்துமிடம் | திறந்தவெளி கட்டாயம் | திறந்தவெளி நல்லது | எங்கும் | திறந்தவெளி நல்லது |
| உரசினால் | தகடும் போகும் | பெரும்பாலும் தப்பும் | தகட்டுக்கு ஒன்றுமில்லை | பெரும்பாலும் தப்பும் |
| பொருத்தமானவர் | ஆராய்ச்சிக் குழு | பகலில் வெயிலில் நிறுத்துபவர் | சொந்தக் கூரை உள்ளவர் | கற்பவர் |

## அப்படியானால் எதை எடுப்பது?

மலிவு என்ற சொல்லை நீங்கள் நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தால் போட்டி இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையில்தான். வண்டி இரண்டுக்கும் ஒன்றே: ஓரிருவர் உட்காரும், 250 கிலோவைத் தாண்டாத, கிலோமீட்டருக்கு 40 முதல் 50 வாட்-மணிக்குள் ஓடும் வண்டி. அதை முதலில் தகடு இல்லாமல் செய்து ஓட்டுங்கள். கூரையில் துளைகளும் வயர் போக வழியும் மட்டும் விட்டு வையுங்கள்.

அது தயாராகும்வரை ஒரு சோதனை செய்யலாம். ஒரு 50 வாட் தகடு, சின்ன பேட்டரி, வாட்-மணி காட்டும் மீட்டர் ஆகிய மூன்றையும் தினமும் போய்வரும் ஏதாவது ஒரு வண்டியின் கூரையில் கட்டிவிட்டு இரண்டு வாரம் வழக்கம்போல் ஓட்டி, வழக்கமான இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி நிரம்பிவிட்டால் கன்ட்ரோலர் தகட்டை நிறுத்திவிடும், கணக்கு பொய்யாகும்; அதனால் இரவில் ஒரு விளக்கைப் போட்டு அதைக் காலி செய்துவிடுங்கள். நாள் சராசரியை ஆறால் பெருக்கினால் 300 வாட் கூரை உங்கள் நகரத்தில், உங்கள் நிறுத்துமிடத்தில் எவ்வளவு தரும் என்று தெரிந்துவிடும். 700 வாட்-மணிக்கு மேல் வந்தால் கூரையில் தகட்டை ஏற்றுங்கள். 400க்குக் கீழே நின்றால் அது கொட்டகைக்குப் போகட்டும். நடுவில் வந்தால் நிறுத்தும் இடத்தை மாற்றிப் பார்த்து, இன்னும் இரண்டு வாரம் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.